அறிவியல் தெரிந்தால் அறிவியல் கற்பிக்க முடியுமா?

நாம் கற்ற பாடத்தைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதில் என்ன கடினம் இருக்கப் போகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இளம் அறிவியல் பட்டம், அதன்மேல் கல்வியியல் பட்டம், பிறகு தகுதித் தேர்வில் தேர்ச்சி. இம்மூன்றும் கைக்கு வந்துவிட்டால் ஒருவர் நல்ல அறிவியல் ஆசிரியர் ஆகிவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில், சமயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்ல உட்கார்ந்த இரண்டாம் நாளே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அன்றைய பாடம் பதங்கமாதல். திடப்பொருள் ஒன்று திரவமாகாமல் நேரே வாயுவாக மாறுவது பதங்கமாதல் என்றேன். எடுத்துக்காட்டாகக் கற்பூரத்தைச் சொன்னேன். மாரியம்மன் கோயில் கடைவீதியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டா என்று என்னை நானே மெச்சிக் கொண்டேன். அப்போது அர்ச்சனைக் கடைக்காரர் ஒருவரின் மகள் எழுந்தாள்.

"ஆமாண்ணே, கொளுத்தினா ஒண்ணுமே மிச்சமில்லாம போயிடுது. அதானே பதங்கமாதல்?"

அது தவறு என்று எனக்குத் தெரிந்தது. ஏன் தவறு என்பதை அவளுக்கு விளங்கும்படி சொல்லத் தெரியவில்லை. முதலில் சொன்ன வரையறையையே இன்னும் சற்று உரக்கச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். நான்கு நாள் கழித்து ஒரு சிறு தேர்வு வைத்தபோது ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர், கற்பூரம் எரிந்து மறைவதே பதங்கமாதல் என்று எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு அந்த ஏழு தாள்களும் சரியான மதிப்பெண்ணைப் போட்டுவிட்டன.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று முறையிட்டேன். "வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இதைக் கேட்டுட்டேன் தம்பி. அப்புறம் வருஷா வருஷம் கேட்டேன்" என்று சிரித்தார். மறுநாள் மாலை அவரே வந்து பிள்ளைகள் நடுவில் அமர்ந்தார். வரையறை எதையும் அவர் சொல்லவில்லை. கேள்வியாகவே கேட்டார்.

"கற்பூரம் கொளுத்துற தட்டு என்ன நிறமாவுது?"

"கறுப்பாவுது சார்."

"அந்தக் கரி, கொளுத்துறதுக்கு முன்னாடி கற்பூரத்துல தெரிஞ்சுதா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள்.

"சரி, கடையில மூடி இறுக்கமில்லாத டப்பாவுல வச்ச கற்பூரம் சன்னஞ்சன்னமா கரைஞ்சு போகுதே, அந்த டப்பாவுல கரி படியுதா?"

"இல்லை" என்று முதலில் சொன்னவள் அந்தக் கடைக்காரர் மகளே.

பிறகு அவர் ஒரு சிறு கிண்ணத்தில் கற்பூரத் தூளை இட்டு, அதைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, கிண்ணத்தின் வாய்மேல் குளிர்ந்த நீர் நிரம்பிய டம்ளர் ஒன்றை வைத்து மூடினார். கற்பூர ஆவி தீப்பற்றக் கூடியதாதலால் அடுப்பில் வைக்கலாகாது என்பதையும் சொன்னார். சிறிது நேரம் கழித்து டம்ளரை எடுத்தால் அதன் அடியில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்த பிள்ளைகள் "கற்பூரம்!" என்று கூவினார்கள். "எரிஞ்சு போன கற்பூரத்தை இப்படித் திரும்பப் பிடிக்க முடியுமா?" என்று கேட்டு நிறுத்தினார். விடையை அவர் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

நிற்க. அவரும் நானும் பதங்கமாதலைப் பற்றி அறிந்த செய்தி ஒன்றேதான். ஆவி அழுத்தம், நிலைமாற்றம் போன்றவற்றை அண்மையில் படித்தவன் என்ற முறையில் எனக்குச் சற்று அதிகமாகவே தெரிந்திருக்கக் கூடும். ஆனால் அவருக்குத் தெரிந்த நான்கு செய்திகள் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எந்தத் தவறான விடையைச் சொல்வார்கள் என்பது ஒன்று. அதை ஏன் சொல்கிறார்கள் என்பது இரண்டு. எந்தக் கேள்வி அந்த எண்ணத்தை அசைக்கும் என்பது மூன்று. வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டு ஆபத்தில்லாமல் எந்தச் சோதனையைச் செய்து காட்டலாம் என்பது நான்கு. இந்நான்கும் நம் பாடநூல்களில் இல்லை. இவற்றை அவர் எங்கே கற்றார் என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி.

பழைய அறிவு, புதிய பெயர்

இந்த அறிவுக்கு ஒரு பெயர் வைத்தவர் அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவர் 1985-இல் நிகழ்த்திய தலைமையுரை 1986-இல் அச்சில் வந்தது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளைப் பற்றி அவர் அதில் ஒரு குறையை எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் அத்தேர்வுகள் பெரும்பாலும் பாடப்பொருளையே கேட்டன. பின்னர் வகுப்பை நடத்தும் பொதுவான முறைகளைக் கேட்கத் தொடங்கின. இவ்விரண்டுக்கும் நடுவில், குறிப்பிட்ட ஒரு பாடத்தைக் குறிப்பிட்ட பிள்ளைகளுக்கு எப்படி விளங்க வைப்பது என்ற அறிவு ஒன்று உண்டு. அதை யாருமே கேட்கவில்லை என்றார் அவர். எந்த உவமை பொருந்தும், எந்த எடுத்துக்காட்டு வழி தவறச் செய்யும், எந்த இடத்தில் மாணவர் இடறுவார் என்பவையெல்லாம் அதில் அடங்கும். அதைத் தமிழில் 'பாடஞ்சொல்லும் அறிவு' என்று அழைக்கலாம் என்பது என் கருத்து.

பெயர் புதியதே தவிரப் பொருள் நமக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், பாடம் சொல்லும் முறை என்ன என்பதையும் தனியே கூறினார். கேட்பவனால் எந்த வகையில் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை அறிந்து அந்த வகையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் விதித்த நெறி. ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் காட்டிய உவமைகளில் பருத்திக் குண்டிகை ஒன்று. குறுகிய வாயுடைய குடுவையில் பஞ்சை அடைத்தால் உள்ளே போவதும் சிறிது சிறிதாக, வெளியே வருவதும் சிறிது சிறிதாக. உள்ளே நிறைய இருந்தும் வெளியே கொடுக்க இயலாதவரின் நிலை அது. இன்னொன்று கழற்குடம். கழற்சிக் காய்களை நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசை மாறி ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்று அறியாதவரின் நிலை இது. அந்த மாலையில் நான் பருத்திக் குண்டிகையாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கடைமடை விளக்கு

கற்பூரம் ஒரு சிறிய செய்திதானே என்று சிலர் நினைக்கலாம். இன்னும் ஆழமான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

மின்னோட்டத்தை நீரோட்டத்துக்கு ஒப்பிட்டுச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் வட்டாரத்துக்கு அது மிகவும் பொருந்தும் என்றும் தோன்றும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. வந்த நீரின் அளவு இரண்டிலும் பிரிந்து சென்ற நீரின் கூட்டுத் தொகைக்குச் சமம். பக்க இணைப்பில் மின்னோட்டம் பிரிவதற்கு இதைவிடக் கண்கண்ட உவமை கிடைக்காது. ஆனால் அதே உவமை தொடரிணைப்புப் பாடத்தில் நம்மைக் குழியில் தள்ளிவிடும்.

ஒரு மின்கலம், அதனோடு தொடராக ஒரே வகையான இரண்டு சிறு பல்புகள். எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டால் பிள்ளைகளில் பலர், முதல் பல்பு அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் ஒளிரும் என்பார்கள். மின்னோட்டத்தை முதல் பல்பு பாதி தின்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம். 1980-களில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்பர்னும் அவரைச் சேர்ந்தவர்களும், இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவரும் அவருடைய குழுவினரும், இதுபோன்ற மாணவர் எண்ணங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். மாணவரின் மனம் வெற்றுப் பலகையாக இருப்பதில்லை. அதில் முன்பே ஒரு விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. நாம் அதன்மேல்தான் எழுதுகிறோம் என்பது அவ்வாராய்ச்சிகள் உணர்த்திய உண்மை.

இப்போது மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் பாயும் ஊர்களில் அவன் வளர்ந்தவன். தலைமடை வயல் குடித்தது போக மிஞ்சியதே கடைமடைக்கு வரும் என்பதைத் தன் வீட்டுத் திண்ணைப் பேச்சிலேயே கேட்டவன். அவனிடம் மின்னோட்டம் வாய்க்கால் நீரைப் போன்றது என்று சொன்னால், இரண்டாவது பல்பு கடைமடை வயல் என்று அவன் முடிவு கட்டுவான். அவன் அறிவில் குறையில்லை. நம் உவமையை அவன் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறான். உவமை எந்த இடத்தில் முறிகிறது என்பதை நாம்தான் அறியவில்லை. கரை உடைந்தால் நீர் வெளியே ஓடும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் வெளியே கொட்டாது, சுற்று முழுவதும் நின்றுவிடும். வயல் நீரைக் குடிக்கிறது; பல்பு மின்னோட்டத்தைக் குடிப்பதில்லை, ஆற்றலையே ஒளியாகவும் வெப்பமாகவும் மாற்றுகிறது. இந்த முறிவுகளை முன்கூட்டியே அறிந்த ஆசிரியர் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டுவார். ஒளியில் சிறு வேறுபாடு இருந்தாலும் அது பல்போடு போகிறதே தவிர இடத்தோடு நிற்பதில்லை என்று பிள்ளைகள் கண்ணாலேயே காண்பார்கள். பல்புகள் ஒரே வகையா என்பதை வகுப்புக்கு வருமுன் சோதித்துக் கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சென்னைப் பிள்ளைக்கும் சமயபுரத்துப் பிள்ளைக்கும் மின்னியல் விதி ஒன்றே. அவ்விதிக்குச் செல்லும் வழி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாடஞ்சொல்லும் அறிவின் ஒரு பகுதி ஊர் சார்ந்தது, பிள்ளை சார்ந்தது. அப்பகுதியைத் தலைநகரில் அச்சடித்து அனுப்ப முடியாது.

இந்த அறிவு எங்கிருந்து வருகிறது?

இதற்குச் சொல்லப்படும் விடைகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

பாடத்தை ஆழமாகக் கற்றால் கற்பிக்கும் திறன் தானே வரும் என்பது முதல் விடை. பாடத்தை அறியாதவர் அதைக் கற்பிக்க இயலாது என்பதில் ஐயமில்லை. நம் உயர்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் படித்தவரும் இலையின் அமைப்பைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தாவரவியல் படித்தவரும் ஓம் விதியைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தமக்கே தெளிவில்லாத இடத்தில் ஆசிரியர் பாடநூலின் வரியைப் பிடித்துக் கொள்வார். மாணவன் கேள்வி கேட்பதை விரும்ப மாட்டார். ஆகவே பாட அறிவு கட்டாயம் வேண்டும். ஆனால் அது அடித்தளமே தவிரக் கட்டடமன்று என்பதற்கு என் கற்பூர வகுப்பே சான்று.

பயிற்சிக் கல்லூரியில் முறைகளைக் கற்றால் போதும் என்பது இரண்டாம் விடை. கல்வியியல் பட்டப் படிப்பு 2015 முதல் ஈராண்டாக நீட்டிக்கப்பட்டது நல்ல நோக்கத்தோடுதான். தமிழ்நாட்டில் 2012-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளையும் எண்ணிப் பார்க்கலாம். அறிவியல் பிரிவினருக்கு 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் 30, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் 60 என்று தனித்தனியே பகுக்கப்பட்டது. எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். பாடம் ஒரு பெட்டியில், கற்பித்தல் ஒரு பெட்டியில். கற்பூரம் எரிவதைப் பதங்கமாதல் என்று சொல்லும் மாணவியிடம் அடுத்து என்ன கேட்பீர்கள் என்ற வினாவுக்கு அவ்விரு பெட்டிகளிலும் எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஷுல்மன் சுட்டிய அதே இடைவெளி இங்கும் இருக்கிறது.

ஆசிரியத்திறன் பிறவியிலேயே அமைவது, கற்று வருவதன்று என்பது மூன்றாம் விடை. இது கேட்பதற்கு இனிமையானது, ஆனால் ஆபத்தானது. திறமை பிறவியில் வருவதானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை அல்லவா? இராமேசுவரத்துச் சிவசுப்பிரமணிய ஐயரை நாம் அறிவோம். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியபின், புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். ஐயர் சினங் கொள்ளவில்லை. வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் இறக்கையை அடிப்பதையும் வாலைத் திருப்புவதையும் நேரில் காட்டி விளக்கினார். அந்தச் சிறுவனே பின்னாளில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, விண்ணியல் அறிஞராகிக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். வாழ்நாளெல்லாம் அவர் மேடைதோறும் இந்நிகழ்ச்சியைச் சொல்லி வந்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஐயரின் பிறவித் திறமையை அன்று. தம் முதல் விளக்கம் பயன்படவில்லை என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார், அதை ஒப்புக்கொண்டார், வேறு வழி தேடினார். இம்மூன்றும் எவரும் பழகிக்கொள்ளக் கூடிய செயல்கள்.

ஆகவே என் விடை இதுவே: பாடஞ்சொல்லும் அறிவு மாணவரின் தவறான விடைகளிலிருந்து வருகிறது. தவறான விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் செல்பவருக்கு முப்பதாண்டு அனுபவமும் ஓராண்டு அனுபவமே. ஏன் இப்படி எழுதினான் என்று நின்று கேட்பவருக்கு ஒவ்வோராண்டும் ஒரு பாடநூல். அமெரிக்கச் சமூகவியலறிஞர் டான் லார்ட்டி 1975-இல் சுட்டிக்காட்டிய உண்மையும் இங்கே நினைவுகூரத் தக்கது. ஆசிரியராக வருகிற ஒவ்வொருவரும் அதற்கு முன்பே பல்லாண்டுக் காலம் மாணவராக அமர்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர். நின்று கேட்கும் பழக்கத்தைத் தாமாகத் தேடிக்கொள்ளாதவர், தமக்குக் கற்பித்த முறையிலேயே பிறருக்கும் கற்பித்துவிட்டு ஓய்வு பெறுவார். வரையறையை உரக்கத் திருப்பிச் சொல்லும் வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறது.

அந்த மாலையில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. "எங்க அப்பாயி கற்பூர டப்பாவுல மிளகு போட்டு வைப்பாங்க, கரையாதாம். ஏன் சார்?" என்றாள் அந்தப் பெண். பெரியவர் தயங்காமல், "எனக்குத் தெரியாதும்மா. ரெண்டு டப்பா வச்சுப் பார்த்துடுவோம்" என்றார். ஒரே எடைக் கற்பூரம், ஒரே மாதிரி டப்பா, ஒன்றில் மட்டும் மிளகு. வாரம் ஒருமுறை பிள்ளைகளே மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதினார்கள். விடுமுறை முடியுமுன் இரண்டிலும் எடை குறைந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தராசுக்குப் பிடிபடவில்லை. "தராசு போதலைன்னு எழுதிக்கோங்க" என்றார் அவர். முப்பதாண்டுக்குப் பிறகும் அவருடைய பாடஞ்சொல்லும் அறிவு வளர்ந்து கொண்டிருப்பதை அன்று கண்டேன்.

தனியொருவர் சொத்தா?

இங்கேதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி இருக்கிறது. அந்தப் பெரியவர் ஓய்வு பெற்ற நாளில் பள்ளி அவருக்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பியது. அவருடைய முப்பதாண்டு அறிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் இடத்துக்கு வந்த இளைஞர் கற்பூரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து தாமே இடறி இடறிக் கற்க வேண்டும். அவர் இடறும் ஆண்டுகளில் அவரிடம் படிக்கிற பிள்ளைகளின் கதி என்ன? மருத்துவர் கண்டதைக் குறித்து வைக்கிறார். வழக்கறிஞருக்கு முந்தைய தீர்ப்புகள் இருக்கின்றன. ஆசிரியரின் கண்டுபிடிப்பு மட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டிலேயே வேறு வழி காட்டப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியா கிராம மையமும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதை நடத்தியது. பிள்ளைகள் தாமே சோதனை செய்து விடை காண்பது அதன் ஒரு பக்கம். ஆசிரியர்களுக்கு அமைந்த ஏற்பாடு அதன் மறுபக்கம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலார் கிராமத்து ஆசிரியர்களோடு ஒன்றாக அமர்ந்து அதே சோதனைகளைச் செய்தார்கள். கோடைப் பயிற்சியோடு முடித்துவிடாமல் மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடினார்கள். எந்தச் சோதனை தவறிப் போயிற்று, எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று பேசினார்கள். அவர்கள் கொண்டுவந்த செய்திகளைக் கொண்டு பாடநூலே திருத்தப்பட்டது. முப்பதாண்டு நடந்த அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் முடித்து வைத்தது. ஆயினும் ஆசிரியரின் அனுபவம் பாடநூலுக்குள் ஏறும் என்பதற்கு அது அழியாத சான்று.

ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த மற்ற ஆசிரியர்கள் பின்வரிசையில் அமர்ந்து மாணவர்களைக் கவனித்து, பின்னர் கூடிப் பேசி அப்பாடத்தைச் செப்பனிடும் வழக்கம் நூறாண்டுக்கு மேலாக உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்ரனும் உடன் பணியாற்றியவர்களும், அனுபவமிக்க அறிவியல் ஆசிரியர்களின் வாய்மொழி அறிவைப் பாடந்தோறும் கேள்வி முறையில் எழுதி வாங்கும் வழியை 2004-இல் வெளியிட்டார்கள். நம் திருச்சியிலும் 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளி வகுப்பறைக்கே சோதனைப் பொருள்களைக் கொண்டுசெல்லும் திட்டம் அது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆயினும் சோதனைப் பெட்டி வந்து போவதோடு, அச்சோதனையில் பிள்ளைகள் சொன்ன தவறான விடைகளும் எழுதி வைக்கப்பட்டால் அதன் பயன் பன்மடங்காகும் என்பது என் எண்ணம்.

நாம் செய்யக் கூடியது

ஆசிரியர்கள் இதையெல்லாம் செய்யலாமே என்று எளிதாகச் சொல்லிவிட்டு நான் நழுவ விரும்பவில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளுள்ள வகுப்பு, குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய பாடப்பகுதி, பதிவேடுகள், புள்ளிவிவரங்கள் என்று அவர்களுக்குள்ள சுமை பெரிது. நின்று கேட்க நேரம் கொடுக்காமல், ஏன் நின்று கேட்கவில்லை என்று குறை சொல்வது நேர்மையாகாது. அந்த நேரத்தை ஒதுக்கித் தருவது கல்வித்துறையின் கடமை. குறுவள மையக் கூட்டங்கள் சுற்றறிக்கை விளக்கத்தோடு முடிந்துவிடாமல், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பாடத்தை, ஒரு தவறான விடையை எடுத்துப் பேச இடம் தர வேண்டும்.

நம் கல்லூரியின் பங்கும் சிறிதன்று. இங்கு அறிவியல் பயிலும் நம்மில் பலர் நாளை பள்ளி ஆசிரியர்களாகப் போகிறவர்கள். நம் பேராசிரியர்களின் பார்வைக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, ஆசிரியப் பணியை நாடும் ஒவ்வொரு மாணவரும் இன்றே ஒரு குறிப்பேடு தொடங்க வேண்டும். நாம் பள்ளியில் எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம், அது எப்போது எப்படித் தெளிந்தது என்பதை அதில் எழுத வேண்டும். தெளியாமலே பட்டம் வரை வந்துவிட்டவையும் அதில் இடம்பெறும். அவையே மிகவும் பயனுள்ளவை.

இரண்டாவதாக, நம் அறிவியல் துறைகள் மாதம் ஒரு சனிக்கிழமை அருகிலுள்ள பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைக்க வேண்டும். சொற்பொழிவு ஆற்றுவதற்காக அன்று. அவர்கள் வகுப்பில் எழுந்த கேள்விகளைக் கேட்பதற்காக. நமக்கு அவர்களிடமிருந்து வகுப்பறை கிடைக்கும். அவர்களுக்கு நம்மிடமிருந்து கருவிகளும் நூல்களும் கிடைக்கும்.

மூன்றாவதாக, திருவரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், மண்ணச்சநல்லூர்ப் பகுதிகளில் ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் அறிவியல் ஆசிரியர்களை மாணவர்கள் நேரில் கண்டு, ஒரு பாடத்துக்கு ஐந்து கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். இந்தப் பாடத்தில் எதைக் கட்டாயம் விளங்க வைப்பீர்கள்? எதை இப்போது சொல்லாமல் விடுவீர்கள்? பிள்ளைகள் எங்கே இடறுவார்கள்? எந்த உவமையை, எந்தச் சோதனையைப் பயன்படுத்துவீர்கள்? புரிந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? பத்துப் பாடங்களுக்கு இப்படித் திரட்டினாலும் அது இவ்வட்டாரத்துக்கு ஓர் அரிய நூலாகும்.

சர் சி. வி. இராமன் 1888-இல் பிறந்த திருவானைக்காவல் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அவர் பிறந்த மண் என்று விழா மேடைகளில் நாம் பெருமை பேசுகிறோம். அவருடைய தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அறிஞர்களைப் போற்றும் நாம், அவர்களுக்கு முதல் வழியைத் திறந்துவிட்ட ஆசிரியர்களின் அறிவையும் போற்றிக் காக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதைப் பொன்னாடையால் காக்க முடியாது. எழுதி வைத்தால்தான் காக்க முடியும். அந்த எழுத்துப் பணியை இந்தக் கல்லூரி மாணவர்களாகிய நாம் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் கற்பூரம் ஏறிவிட்டது. உங்கள் முதற்பக்கத்தில் எதை எழுதப் போகிறீர்கள்?